சின்னவனின் பாதப் படம்

மார்ச் 2

பெரியவளுக்கு,

இப்படி ஆரம்பிப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பத்து வருஷம் உன் அம்மா காலணி அளவுக்காக உன் பாதத்தைச் சுற்றி வரைந்த படத்துக்குள் 'பெரியவள்' என்றுதான் எழுதி அனுப்பினார், எனக்கு அதுதான் வாயில் வருகிறது. நான் துறைமுகப் பட்டறையில் காலணி தைக்கிறவன். உன் அப்பா கிரேன் ஓட்டினார், நான் அவருக்கு பூட்ஸ் தைத்தேன், இரண்டு பேரும் ஒரே சகோதரர் சங்கம். அவர் போன பிறகு சங்கம் உங்கள் இருவரையும் ஏற்றுக்கொண்டது. ஒருவர் புத்தகம், ஒருவர் மருந்து, ஒருவர் துணி என்று பிரித்துக்கொண்டார்கள். கால் என் பங்குக்கு வந்தது. வருஷா வருஷம் தபாலில் உங்களுக்கு வந்த காலணிகள் என் கையால் ஆனவை.

எங்கள் விதி உனக்குத் தெரியும். கொடுக்கிறவன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பிள்ளைக்கும் கொடுத்தவனைத் தெரியக் கூடாது. நாளைக்குத் தெருவில் எதிரே வந்தால் பிள்ளை தலை குனிய வேண்டாம் என்று எப்போதோ யாரோ யோசித்து வைத்தது. அதனால் எனக்கு நாற்பது பிள்ளைகளைத் தெரியும், எல்லாரையும் கணுக்காலுக்குக் கீழேதான். பதினெட்டு வயதானதும் நடை நாள். கடைசி ஜோடியைப் போட்டுக்கொண்டு பிள்ளை மண்டப வாசலிலிருந்து மேடை வரை நடக்கும். நாங்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்போம். மேடை ஏறிய பிறகுதான் நிமிர்ந்து முகம் பார்ப்போம். நீ உன் நடைக்கு வரவில்லை. 'வர இயலாது' என்று ஒரு வரி போட்டிருந்தாய், உன் விலாசம் அதிலிருந்து எடுத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பிக்கு ஏப்ரல் 20 நடை நாள். 'இருவர் வருகிறோம்' என்று உன் அம்மா அட்டை போட்டுவிட்டார். அவனால் நடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, பாதப் படத்தின் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நின்ற காலைச் சுற்றி வரைந்தால் கோடு அகலமாக, விரல் அசைந்த இடத்தில் கொஞ்சம் நடுங்கி இருக்கும். படுத்திருக்கிற காலின் கோடு ஒடுங்கி, வழவழவென்று இருக்கும். சின்னவனுக்கு ஐந்து வயதில் கடும் காய்ச்சல் என்று மருந்து கேட்டு உன் அம்மா எழுதியிருந்தார். அடுத்த வருஷத்திலிருந்து அவன் படம் எல்லாம் படுத்த கால்தான். காய்ச்சல் காலை எடுத்துக்கொண்டது என்று புரிந்துகொண்டேன். அதிலிருந்து அவனுக்கு மட்டும் மெல்லிய அடித்தோல், உள்ளே கம்பளி, படுக்கையில் உறுத்தாத தையல்.

மண்டபப் படிக்குச் சாய்வுப் பலகை போட்டாயிற்று. சக்கர நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்து, எண்ணெய் போட்டு, நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டேன். கிரேன்காரர்கள் தள்ளுகிறோம் என்று இப்போதே சண்டை போடுகிறார்கள். அவனால் நிமிர்ந்து உட்கார முடியுமா, கழுத்துக்குத் தாங்கல் வேண்டுமா, அதை மட்டும் எழுது. அம்மாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உனக்குச் சித்தப்பா முறை,
காலணிக்காரன்


மார்ச் 9

ஐயா,

சங்கத்தார் எல்லாரையும் சித்தப்பா என்று கூப்பிட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய முதல் தாளிலேயே போட்டிருந்தது. எனக்கு வரவில்லை. விட்டுவிடுங்கள்.

கழுத்துக்குத் தாங்கல் வேண்டாம். என் தம்பி இறந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டான். மருந்து வந்து சேர்ந்தபோது அவன் இல்லை. அவன் போன நான்காம் நாள் உங்கள் பெட்டி வந்தது, உள்ளே இரண்டு ஜோடி. அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தார். பெட்டியைப் பிரித்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, சின்ன ஜோடியை எடுத்து வாசல் பக்கத்தில் வைத்தார். "வெளிய போயிருக்கான், வந்ததும் போட்டுப் பாக்கட்டும்" என்றார். எனக்கு ஒன்பது வயது. நான் வாசலைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் வந்தது. பழைய ஜோடி பெட்டிக்குள் போகும், புது ஜோடி வாசலுக்கு வரும். மழை பெய்தால் அம்மா முதலில் அதைத்தான் உள்ளே எடுத்து வைப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தால், "மெதுவா வா, தம்பி தூங்கறான்" என்பார். பன்னிரண்டு வயதில் ஒரு ஜோடியைக் கால்வாயில் எறிந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித் துழாவி ஒன்றை எடுத்து வந்து, "வெறுங்காலோட நடந்தா அவனுக்குக் கால் சுடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் சங்கம் நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது இதுதான். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை வந்து கதவைத் தட்டியிருந்தால் போதும். முகம் பார்க்க மாட்டோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் உயிரோடு இருந்தது அவன்தான், நான்தான் இல்லாமல் போனவள். அதனால்தான் பதினெட்டு வயதில் கிளம்பி வந்து இந்தச் சலவைக்கூடத்தில் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிரேன்காரர் மகள்


மார்ச் 14

பெரியவளுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்தேன். அப்புறம் உட்கார்ந்தேன். திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை, வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குத் தைப்பது நாற்பது வயதில் ஆரம்பித்த வேலை, எனக்கு ஐம்பத்து நான்கு ஆகிறது, காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று மார் தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். இறந்த பிள்ளைக்குக் கம்பளி வைத்துத் தைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று என்னைத் தூங்க விடாமல் அரிக்கிறது. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? உன் அம்மா மனதில் இருந்ததை வரைந்திருப்பார் என்று நீ நினைக்கலாம். இல்லை. மனதிலிருந்து வரைந்த காலை நான் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன், எல்லா விரலும் ஒரே மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. இது ஒரு உண்மையான கால். உயிருள்ள கால். படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாப் படங்களையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினேன். உன் அப்பாவுக்கு இடது காலில் சுண்டு விரலுக்குக் கீழே எலும்பு ஒரு முடிச்சாகத் துருத்திக்கொண்டிருக்கும். அவர் பூட்ஸுக்கு அந்த இடத்தில் மட்டும் தோலை இழுத்து அடிப்பேன், அவர் "இது என் பரம்பரைச் சொத்து" என்பார். உன் காலிலும் அது உண்டு. சின்னவன் காலிலும் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் பார்த்தேன். அவன் நின்று வரைந்த முதல் இரண்டு படங்களில் அது இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு வந்த படங்களில் இருக்கிறது.

கடைசி நான்கு வருஷத்துப் படங்கள் வேறு மாதிரி. ஒரே கோடு, அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கிறது. அந்த நான்கு வருஷமும் அந்தக் கால் அந்த வீட்டில் இல்லை.

நான் என்ன நினைக்கிறேன் என்று எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் ஒன்பது வயதுப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீயே பார்.

காலணிக்காரன்


மார்ச் 21

ஐயா,

உங்கள் காகிதத்தைப் பார்த்த கணமே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். நான்கு நாள் அதன்மேல்தான் தூங்கினேன், அதாவது தூங்கவில்லை. இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி அறையில் யாரும் இல்லாதபோது, தரையில் விரித்துக் காலை அதன் மேல் வைத்தேன்.

என் கால் இப்போது பெரிது. ஆனாலும் தெரிகிறது. இடது பக்கம் முடிச்சு அதே இடத்தில் இருக்கிறது. கட்டை விரல் கொஞ்சம் உள்ளே சாய்வது அதே மாதிரி சாய்கிறது. இரண்டு கோடு இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. அழுத்தமான கோட்டுக்கு வெளியே, லேசாக, ரப்பரால் அழித்த கோடு. முதலில் காலைச் சுற்றி வரைந்துவிட்டு, அப்புறம் நான்கு வயது குறைத்திருக்கிறார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் அம்மா என்னைக் கட்டாயம் படுக்கச் சொல்வார். வருஷத்தில் ஒரு நாள், எப்போதும் வெயில் காலம் தொடங்கும்போது, அரைத் தூக்கத்தில் என் காலைச் சுற்றி ஏதோ ஊரும். குதிகாலில் ஆரம்பித்து, மெதுவாக, ஒவ்வொரு விரலுக்கும் வெளியே நின்று நின்று போகும். முதல் தடவை எனக்குப் பத்து வயது. அது தம்பி என்று நினைத்தேன். உயிரோடு இருந்தபோது என் காலைக் கிச்சுக்கிச்சு மூட்டித்தான் எழுப்புவான். கண்ணைத் திறக்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். அசைந்தால் போய்விடுவான் என்று அசையாமல் இருந்தேன். எட்டு வருஷம் அப்படி இருந்தேன் ஐயா. உங்கள் வழவழக் கோடு அதுதான்.

கால்வாயில் எறிந்தேன் என்று எழுதினேன். அவன்மேல் வெறுப்பில் எறியவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வருகிறானே என்ற கோபத்தில்.

அவனுக்காகக் காத்திருந்தேன். வந்தது அம்மாவின் பென்சில். என் படத்துக்கு நிற்க வைத்து ஒரு நிமிஷத்தில் இழுத்துவிடுவார், எனக்காக அம்மா ஒரு தடவையும் என் கால்மாட்டில் அப்படி உட்கார்ந்ததில்லை.


மார்ச் 29

பெரியவளுக்கு,

உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

சங்கச் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "அட்டை வந்துட்டா பேரைக் கூப்பிட்டாகணும்" என்றார். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி உன் அம்மாவுக்கு எழுதலாம் என்றேன். "என்னன்னு எழுதறது? உங்க பையன் செத்துட்டான்னு நாம போய் அந்தம்மாவுக்குச் சொல்றதா?" என்றார். பதின்மூன்று வருஷம் காலணி அனுப்பிவிட்டு இப்போது ஒரு தாளை அனுப்ப எங்களில் ஒருவனுக்கும் கை வரவில்லை.

என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சின்னவனை மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவது தடவையும் யாரும் நடந்து வராவிட்டால், 'வரவில்லை' என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி அந்தப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை மூடுவார்கள். இது நன்றி கெட்டவர்களுக்காக வைத்த விதி. உன் அம்மா மடியில் புதுக் காலணியை வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் கேட்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவர் தனியாக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அவர் என்ன செய்துகொள்வார் என்று நினைத்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

இன்னொன்று. உன்னைக் கூப்பிட்டபோது நீ எழுதி அனுப்பிவிட்டாய், அதனால் உன் புத்தகத்தை மூடவில்லை. உன் நடை நாலு வருஷமாக அப்படியே நிற்கிறது. நீ வரலாம். உனக்கு உரிமை உண்டு. தம்பிக்காக வா என்று சொல்லவில்லை.

காலணிக்காரன்


ஏப்ரல் 5

ஐயா,

வர மாட்டேன்.

நான் வந்து நின்றால் அம்மா என் பின்னால் எட்டிப் பார்ப்பார், தம்பி வருகிறானா என்று. எனக்குத் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார். பெட்டியோடு நான் வாசலில் நிற்கிறேன். "போறதுதான் போற, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றார். "அவன் செத்துட்டாம்மா" என்றேன். என் வாயைப் பொத்தினார், அவன் காதில் விழுந்துவிடுமாம். அதன்பிறகு நாங்கள் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை.

இன்னொரு தடவை அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்க என்னிடம் தெம்பு இல்லை. என்னைப் பாவி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காகிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அது என் கால்.


ஏப்ரல் 22

பெரியவளுக்கு,

நீ கேட்கவில்லை, ஆனாலும் நாங்கள் இருந்த பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். நீ அவசரமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். மூன்றாவது வரிசையில், வழுக்கைத் தலையோடு, கைக்குட்டையை வாயில் வைத்திருந்தவன் நான். என்னைப் பார்த்தாய், யார் என்று தெரியாமல்.

உன் அம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டார். யாரோ உட்காரப் போனபோது, "ஆள் வருது" என்றார். சக்கர நாற்காலியை நான் அன்று காலையிலேயே பின்கட்டில் தள்ளிவிட்டேன். செயலாளர் முதல் தடவை கூப்பிட்டார். உன் அம்மா திரும்பி வாசலைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது தடவை கூப்பிட்டார். சிரிப்பு அப்படியே இருந்தது, காலணியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துவிட்டன. விதியை மீறி நான் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ வாசலில் நின்றாய்.

உன் பின்னால் எட்டிப் பார்ப்பார் என்று எழுதினாய். பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே எட்டிப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, உன் முன்னால் மண்டியிட்டு, நாடாவை அவிழ்த்து, உன் செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஜோடியைப் போட்டுவிட்டார். ஒரு கையால் உன் கணுக்காலைப் பிடித்திருந்தார். அது சரியாகப் பொருந்தும் என்று அந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத் தெரியும்.

மூன்றாவது தடவை கூப்பிட்டார்கள், நீ நடந்தாய். அறுபது பேர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்கென்று நான் தைத்த அடித்தோல், பலகைத் தரையில் ஏன் சத்தம் போடப்போகிறது? ஆனால் அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் கையை இறுக்கிப் பிடித்தார், அவர் உள்ளங்கை சில்லென்று இருந்தது. யாரோ எங்களைத் தாண்டிப் போகிறார்கள், காற்று அசைகிறது, காலடி இல்லை. நிமிர்ந்தால் மேடையில் யாரைப் பார்ப்பேனோ என்று தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டேன்.

"கிரேன்காரரோட பிள்ளை" என்றாய். குரல் கேட்டதும்தான் நிமிர்ந்தேன். செயலாளர் வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, சின்னவனுக்கு எதிரே ஒரு கோடு போட்டார், புத்தகத்தை மூடினார். உன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நீ நடந்தது அவன் நடை. உன்னுடையது இன்னும் பாக்கி, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலணிக்காரன்


மே 4

சித்தப்பா,

இரண்டு வாரமாக அம்மாவோடு இருக்கிறேன். சலவைக்கூடத்தில் ஒரு மாதம் கேட்டிருக்கிறேன், கொடுத்தால் கொடுக்கட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மண்டபத்திலிருந்து வந்ததும் அம்மா அந்த ஜோடியை என் காலிலிருந்து கழற்றி, துடைத்து, வாசலில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. "மெதுவாப் பேசு" என்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மழை பெய்தால் இப்போது நான் எடுத்து உள்ளே வைக்கிறேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் படுத்துக்கொள் என்றார், படுத்தேன். கண் அசந்த நேரத்தில் குதிகாலில் ஏதோ பட்டது. புத்தகம் மூடியாயிற்று, இனிமேல் யாருக்கும் படம் அனுப்ப வேண்டியதில்லை, ஆனாலும் பென்சில் வந்துவிட்டது. மெதுவாக ஊர்ந்து முடிச்சு வரைக்கும் வந்தது. எனக்கு மறுபடியும் பத்து வயது. மூச்சை அடக்கிக்கொண்டேன், பழைய பழக்கம்.

அப்புறம் காலை இழுத்தேன். வேண்டுமென்றேதான் இழுத்தேன். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் பென்சிலோடு அப்படியே இருந்தார். வெகு நேரம் என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை. "நீதானாடி" என்றார். சத்தம் போட்டு அழுதார், பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். அக்கம்பக்கத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து பார்த்தார்கள். நான் யாரையும் போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மாவே என்னைத் தாளின் மேல் நிற்க வைத்து மிச்சத்தை வரைந்து முடித்தார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பாதி வழவழவென்று இருக்கும், முடிச்சுக்குப் பக்கத்தில் கோடு வெளியே தாவி ஓடியிருக்கும், அதற்கு மேல் நடுக்கமாக இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

என் நடை பாக்கி என்று எழுதினீர்கள். வருகிறேன். கம்பளி வேண்டாம். அடியில் கெட்டித் தோலாக வையுங்கள், குதிகாலில் ஆணி அடியுங்கள். கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும்.

பெரியவள்